கோப்புகள் எங்கே நிற்கின்றன?
டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷனைக் கண்காணிப்பதும் பழுது நீக்குவதும்

மெயில் சர்வர் நின்றால் அரை மணி நேரத்தில் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடும். இன்டர்நெட் போனால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஃபைல் சர்வர்களுக்கு இடையே ரெப்ளிகேஷன் நின்றால் மட்டும் யாரும் போன் செய்ய மாட்டார்கள். தலைமையகத்தில் இருப்பவர் தன் சர்வரில் கோப்பைத் திறக்கிறார், திருத்துகிறார், சேமிக்கிறார். கிளையில் இருப்பவரும் அங்குள்ள சர்வரில் அதையே செய்கிறார். இருவர் கண்ணுக்கும் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கிளையில் யாரோ ஒருவர் பழைய விலைப்பட்டியலை வைத்து வாடிக்கையாளருக்கு கொட்டேஷன் அனுப்பிய பிறகுதான் விஷயம் வெளியே வரும். அதற்குள் இரண்டு பக்கமும் தனித்தனியாக மாறிய கோப்புகள் குவிந்திருக்கும். பழுதைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் போதும்; அந்தக் குவியலைப் பிரித்து எது சரியான பிரதி என்று தீர்மானிக்க ஒரு வாரம் பிடிக்கும்.

அதனால் இந்த அத்தியாயத்தில் கண்காணிப்பு முதலில், பழுதுநீக்கம் பிறகு. சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதைக் கண்காணிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷனின் (டிஎஃப்எஸ்ஆர்) சர்வீஸ் ஒரு கோப்பைக்கூட நகர்த்தாமல் மாதக்கணக்கில் ‘ரன்னிங்’ என்று காட்டிக்கொண்டிருக்கும். பார்க்க வேண்டியது சர்வீஸை அல்ல, கோப்பை.

இங்கே பேசப்படுவது விண்டோஸ் சர்வர் 2003 ஆர்2-வில் அறிமுகமாகி, பழைய எஃப்ஆர்எஸ்-ஸின் இடத்தைப் பிடித்த டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன். பவர்ஷெல் கட்டளைகள் 2012 ஆர்2-விலும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் கிடைக்கும். கட்டளைப் பெயர்களை ஒலிப்படியே எழுதியிருக்கிறேன். முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியை பவர்ஷெல்லே நிரப்பிக்கொள்ளும்.

ஒரு கோப்பின் பயணம்

பழுது எங்கே என்று ஊகிக்க வேண்டுமானால், ஒரு கோப்பு எந்தெந்தக் கட்டங்களைத் தாண்டிப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பயனர் கோப்பைச் சேமித்து மூடுகிறார். அந்த மாற்றத்தை என்டிஎஃப்எஸ் தன் யுஎஸ்என் ஜர்னலில் குறித்துவைக்கிறது. டிஎஃப்எஸ்ஆர் அந்த ஜர்னலைப் படித்து, கோப்புக்குப் புதிய பதிப்பு எண் கொடுத்து, தன் டேட்டாபேஸில் எழுதிக்கொள்கிறது. இந்த டேட்டாபேஸ் ஒவ்வொரு வால்யூமுக்கும் ஒன்று. ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும். ‘என்னிடம் புதிய பதிப்பு இருக்கிறது’ என்ற செய்தி மறுமுனை சர்வருக்குப் போகிறது. அது ‘கொடு’ என்று கேட்கும்போது, முதல் சர்வர் கோப்பை ஸ்டேஜிங் ஃபோல்டரில் சுருக்கித் தயார்செய்கிறது. 64 கேபி-யும் அதற்கு மேலும் உள்ள கோப்புகளுக்கு ஆர்டிசி என்னும் ஒப்பீட்டு முறை வேலை செய்யும்: முழுக் கோப்பும் போகாது, மாறிய துண்டுகள் மட்டுமே லைனில் போகும். மறுமுனையில் கோப்பு தற்காலிக இடத்தில் மீண்டும் உருவாகி, முழுமையான பிறகே சரியான இடத்துக்கு நகர்த்தப்படுகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் கோப்பு போகாது. மூடிய பிறகே போகும். நாள் முழுக்க அவுட்லுக்கில் திறந்தே கிடக்கும் பிஎஸ்டி கோப்பையும், ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸையும், இயங்கும் விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க் கோப்பையும் இதன் தலையில் கட்டிவிட்டு ‘ரெப்ளிகேஷன் சரியில்லை’ என்று குறை சொல்வதில் நியாயமில்லை. இன்னொன்று, கோப்பைத் தள்ளுவதில்லை, பெறும் சர்வர்தான் இழுக்கிறது. எனவே ஒவ்வொரு கேள்வியையும் திசையோடு கேட்க வேண்டும். தலைமையகத்திலிருந்து கிளைக்குப் போவது ஒரு பாதை. கிளையிலிருந்து தலைமையகத்துக்கு வருவது வேறு பாதை. ஒன்று நன்றாக ஓடும்போதே மற்றொன்று செத்துக் கிடக்கலாம்.

பேக்லாக்: எண்ணைவிடப் போக்கு முக்கியம்

ஒரு சர்வரில் மாறியிருந்தும் இன்னொரு சர்வர் இன்னும் வாங்கிக்கொள்ளாத கோப்புகளின் வரிசைதான் பேக்லாக். பார்ப்பதற்கு ‘கெட்-டிஎஃப்எஸ்ஆர்பேக்லாக்’ கட்டளை இருக்கிறது. ரெப்ளிகேஷன் குரூப், ஃபோல்டர், அனுப்பும் சர்வர், பெறும் சர்வர் ஆகிய நான்கையும் கொடுக்க வேண்டும். முதல் 100 கோப்புகளின் பெயர்களை மட்டுமே காட்டும். மொத்த எண்ணிக்கை வேண்டுமென்றால் ‘வெர்போஸ்’ என்ற சேர்க்கையோடு ஓட்ட வேண்டும். பழைய சர்வர்களில் இதே வேலையை ‘டிஎஃப்எஸ்ஆர்டயாக் பேக்லாக்’ செய்யும். இரண்டு திசைக்கும் தனித்தனியே ஓட்டுங்கள். ஒரு திசையை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள்தான் அதிகம்.

‘பேக்லாக் எவ்வளவு இருந்தால் ஆபத்து?’ என்று கேட்பவர்களுக்கு ஒற்றை எண் பதில் கிடையாது. காலை 10 மணிக்கு 3,000 இருந்து மதியத்துக்குள் 40 ஆகக் குறைந்தால் எந்தப் பிரச்சினையும் இல்லை. மூன்று நாளாக 57 என்ற எண்ணிலேயே அசையாமல் நின்றால் அங்கே ஏதோ சிக்கியிருக்கிறது. அந்த 57 கோப்புகளின் பெயர்களைப் பாருங்கள், பெரும்பாலும் யாரோ திறந்து வைத்திருப்பார்கள், அல்லது ஆன்ட்டிவைரஸ் பிடித்து வைத்திருக்கும். ஏறிக்கொண்டே போனால் உள்ளே வருவது வெளியே போவதைவிட அதிகம் என்று பொருள்: லைன் போதவில்லை, ஸ்டேஜிங் போதவில்லை, அல்லது யாரோ மொத்தமாக எதையோ மாற்றியிருக்கிறார்கள்.

அந்த ‘மொத்தமாக’ என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திடீர்ப் பேக்லாக்குகளுக்கு அடிக்கடி இதுவே காரணம். பகிர்வின் உச்சி ஃபோல்டரில் ஒரு குழுவுக்குப் புதிதாக அனுமதி சேர்க்கிறீர்கள். அது கீழே உள்ள எல்லா ஃபோல்டர்களுக்கும் கோப்புகளுக்கும் மரபாக இறங்குகிறது. உங்களுக்கு ஒரு ‘ஓகே’ பட்டன். டிஎஃப்எஸ்ஆருக்கு ஐந்து லட்சம் மாற்றங்கள். கோப்பின் உள்ளடக்கம் மாறவில்லை என்பதால் ஆர்டிசி லைனைக் காப்பாற்றும். ஆனாலும் ஒவ்வொரு கோப்பையும் வரிசையில் நிறுத்தி, ஸ்டேஜ் செய்து, மறுமுனையோடு பேசித்தான் ஆக வேண்டும். அன்று மாலை யாரோ சேமித்த அவசரக் கோப்பு அந்த ஐந்து லட்சத்துக்குப் பின்னால் நிற்கும். அனுமதி மாற்றங்களை வெள்ளி இரவில் செய்யுங்கள், அதுவும் ஒரே இரவில் எல்லா ஃபோல்டர்களிலும் வேண்டாம். ஆன்ட்டிவைரஸும் இப்படிச் செய்யும்: ஸ்கேன் செய்யும்போது கோப்பை ஏதேனும் ஒரு வகையில் திருத்தும் மென்பொருளாக இருந்தால், முழு ஸ்கேன் ஓடும் ஒவ்வொரு இரவும் உங்களுக்குப் பேக்லாக் திருவிழாதான்.

கண்காணிக்கும் ஸ்கிரிப்டை மணிக்கு ஒருமுறை ஓட்டி, நேரம், அனுப்புநர், பெறுநர், ஃபோல்டர், எண்ணிக்கை என்று ஒரு சிஎஸ்வி கோப்பில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டாதீர்கள். இரண்டு சர்வர்களின் பதிப்புக் கணக்கை ஒப்பிடும் வேலை இது, பெரிய ஃபோல்டர்களில் அதுவே ஒரு சுமை. எச்சரிக்கைக்கு நிலையான எண்ணை வைப்பதைவிட, ‘வேலை நேரத்தில் தொடர்ந்து நான்கு அளவீடுகளில் குறையவே இல்லை’ என்ற விதி நன்றாக வேலை செய்யும்.

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. மறுமுனை சர்வர் தொடர்பில் இல்லாவிட்டால் பேக்லாக் கட்டளை பிழை சொல்லி நின்றுவிடும், எண் எதுவும் தராது. ஸ்கிரிப்ட் அந்த வெற்றிடத்தை 0 என்று எழுதிக்கொள்ளும். டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரியும். பூஜ்யத்தையும் பதிலின்மையையும் தனித்தனியே கையாளாத கண்காணிப்பு, கண்காணிப்பே இல்லாமல் இருப்பதைவிட மோசம். இல்லாவிட்டால் குறைந்தது சந்தேகமாவது மிச்சமிருக்கும்.

பேக்லாக்கோடு இன்னொரு காவலையும் வைப்பது என் பழக்கம். ஒவ்வொரு சர்வரிலும் ஒரு ஷெட்யூல்டு டாஸ்க், பகிர்ந்த ஃபோல்டருக்குள் அந்தச் சர்வரின் பெயர் கொண்ட சிறிய டெக்ஸ்ட் கோப்பில் தற்போதைய நேரத்தை எழுதட்டும். மற்ற சர்வர்கள் தங்களிடம் வந்திருக்கும் பிரதியில் உள்ள நேரத்தைப் படித்து, எவ்வளவு பழையது என்று கணக்கிடட்டும். ஜர்னல், டேட்டாபேஸ், ஸ்டேஜிங், லைன், அனுமதி என்று முழுப் பாதையும் இதில் சோதிக்கப்பட்டுவிடுகிறது. மைக்ரோசாஃப்டே இதற்காக ‘ஸ்டார்ட்-டிஎஃப்எஸ்ஆர்ப்ராபகேஷன்டெஸ்ட்’ என்ற கட்டளையைத் தருகிறது. எப்போதாவது சோதிக்க அது போதும், தினசரிக் காவலுக்கு நம் டெக்ஸ்ட் கோப்பே எளிது. கோப்பின் பெயர் ‘~’ குறியில் தொடங்கவோ டாட் டிஎம்பி, டாட் பேக் என்று முடியவோ கூடாது. அவற்றை டிஎஃப்எஸ்ஆர் இயல்பாகவே வடிகட்டிவிடும், நீங்கள் வராத கோப்புக்காகக் காத்திருப்பீர்கள்.

ஈவென்ட் லாகில் எதைப் பார்ப்பது

ஈவென்ட் வியூவரில் ‘அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ்’ பிரிவின் கீழ் ‘டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன்’ என்று தனி லாக் இருக்கிறது. அதில் வரும் எல்லாவற்றுக்கும் மெயில் அனுப்பச் சொன்னால் ஒரே வாரத்தில் அந்த மெயில்களைப் படிப்பதை நிறுத்திவிடுவீர்கள். உடனடியாகத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டியவை இரண்டே எண்கள்தான்: 2213, 4012. இரண்டும் ‘நான் ரெப்ளிகேஷனை நிறுத்திவிட்டேன், மனிதர் வந்து பார்க்கட்டும்’ என்று சொல்பவை. அவற்றைப் பற்றிப் பின்னால் விரிவாக வருகிறது. 5002, 5008, 5014 ஆகியவை மறுமுனையோடு பேச முடியவில்லை என்பவை. பின்னாலேயே 5004 வந்திருந்தால் தொடர்பு மீண்டுவிட்டது, விட்டுவிடலாம். 4202 முதல் 4208 வரை ஸ்டேஜிங் குடும்பம். 4412 என்பது இரண்டு பக்கமும் மாறிய கோப்பில் ஒரு பிரதி தோற்றுப்போனது என்ற தகவல். ஒன்றிரண்டு வருவது இயல்பு, ஒரே ஃபோல்டரில் தினமும் வந்தால் இயல்பல்ல. 4302-ம் 4304-ம் கோப்பு வேறொருவர் பிடியில் இருக்கிறது என்பவை.

‘ரைட்-டிஎஃப்எஸ்ஆர்ஹெல்த்ரிப்போர்ட்’ உருவாக்கும் அறிக்கை பார்க்க அழகாக இருக்கும். மேலதிகாரிக்கு அனுப்ப உதவும். பெரிய ஃபோல்டர்களில் ஓடி முடிய நேரம் எடுக்கும். வாரம் ஒருமுறை போதும்.

ஸ்டேஜிங்: மலிவான தீர்வு, அதிகம் மறக்கப்படுவது

பார்சல் ஆபீஸில் மூட்டை கட்டும் திண்ணை போன்றது ஸ்டேஜிங். திண்ணை சிறியதாக இருந்தால், வெளியே லாரி காலியாக நின்றாலும் மூட்டை நகராது. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் இயல்பாக 4,096 எம்பி ஒதுக்கப்படுகிறது. பெரும்பாலோர் ரெப்ளிகேஷனை அமைக்கும்போது இந்த எண்ணைத் தொடுவதே இல்லை. வேர்ட், எக்செல் கோப்புகள் மட்டும் உள்ள இடத்தில் அது போதும். ஒவ்வொன்றும் 2 ஜிபி இருக்கும் வரைபடக் கோப்புகளோ வீடியோவோ உள்ள இடத்தில் போதவே போதாது.

ஒதுக்கீட்டில் 90 சதவீதம் நிறைந்ததும் 4202 எழும். டிஎஃப்எஸ்ஆர் பழைய ஸ்டேஜிங் கோப்புகளை அழித்து 60 சதவீதத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெற்றி பெற்றால் 4204. அழிக்க ஒன்றும் இல்லாமல் எல்லாம் பயன்பாட்டில் இருந்தால் 4206, அதையும் தாண்டினால் 4208. ஒருமுறை அழித்த கோப்பை இன்னொரு கிளை கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து சுருக்கித் தயார்செய்ய வேண்டும். டிஸ்க் ஓயாமல் சுழலும், லைன் சும்மா இருக்கும், பேக்லாக் இறங்காது. லைன் வேகத்தைக் கூட்டச் சொல்லி டெலிகாம் நிறுவனத்தோடு சண்டை போடுவதற்கு முன் இந்த எண்களை லாகில் தேடுங்கள். 4202-ம் 4204-ம் ஒரு மணிக்குள் பலமுறை மாறி மாறி வந்தால் திண்ணை சிறியது, வேறு ஆராய்ச்சி வேண்டாம். முதன்முதலாக இரண்டு சர்வர்களை ஒத்திசைக்கும் நாள்களில் மட்டும் இவை வருவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எவ்வளவு வைப்பது? ஃபோல்டரில் உள்ள மிகப் பெரிய 32 கோப்புகளின் மொத்த அளவு என்பது குறைந்தபட்சம். இந்த 32 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மறக்காது: 2008 முதல் ஒரு சர்வர் ஒரே நேரத்தில் 16 கோப்புகளை வாங்கவும் 16 கோப்புகளைக் கொடுக்கவும் செய்யும். வாங்க மட்டுமே செய்யும் ரீட்-ஒன்லி சர்வருக்கு 16 போதும். பவர்ஷெல்லில் கோப்புகளை அளவு வாரியாக இறங்குமுகமாக அடுக்கி, முதல் 32-ஐக் கூட்டினால் விடை வந்துவிடும். அது 4,096-க்கும் குறைவாக வந்தால் இருப்பதை அப்படியே விடுங்கள், குறைக்க வேண்டாம். பல கிளைகளுக்கு நடுவில் இருக்கும் மையச் சர்வருக்குக் கைதாராளமாகவே கொடுங்கள். டிஸ்க் இடம் மலிவு.

சர்வர்கள் பேசிக்கொள்ளாதபோது

5002, 5008, 5014 ஈவென்ட்களின் உள்ளே ஒரு பிழை எண் இருக்கும்; அதைப் படிக்காமல் எதையும் தொடாதீர்கள். 9036 என்றால் மறுமுனையில் பேக்அப் ஓடுகிறது என்பதால் தற்காலிக நிறுத்தம். 9033 என்றால் அங்கே சர்வீஸோ சர்வரோ மூடப்பட்டது. இந்த இரண்டும் பேக்அப் நேரத்திலோ அப்டேட் இரவிலோ வந்தால் அது பழுதே அல்ல. 1722 என்றால் மறுமுனையின் ஆர்பிசி சேவையை எட்ட முடியவில்லை; 1726 என்றால் எட்டி, பேச்சு நடுவில் அறுந்தது.

1722-க்கு முதலில் டிஎன்எஸ்-ஸைப் பாருங்கள். சர்வரின் முழுப் பெயர் சரியான ஐபி முகவரிக்குத்தான் போகிறதா? சர்வரை இடம் மாற்றிய பிறகு பழைய பதிவு அப்படியே கிடப்பது சகஜம். அடுத்து ஃபயர்வால். இங்கே ஒரு பொறி இருக்கிறது: பிங் போகிறது, 135 போர்ட்டும் திறந்திருக்கிறது, நெட்வொர்க் குழு ‘எங்கள் பக்கம் கிளியர்’ என்கிறது, ஆனாலும் 1722 வருகிறது. ஆர்பிசி உரையாடல் 135-ல் தொடங்கி, பிறகு 49152 முதல் 65535 வரையிலான ஏதோ ஒரு போர்ட்டுக்கு மாறிக்கொள்ளும். அந்த இடைவெளி மூடியிருந்தால் வாசல் வரை போய்த் திரும்புவதுதான் நடக்கும். அத்தனை போர்ட்டுகளையும் திறக்க நெட்வொர்க் குழு சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது. ‘டிஎஃப்எஸ்ஆர்டயாக் ஸ்டாட்டிக்ஆர்பிசி’ கட்டளையால் டிஎஃப்எஸ்ஆருக்கு ஒரே ஒரு நிலையான போர்ட்டைக் கட்டிவிட்டு, அதை மட்டும் திறக்கச் சொல்லுங்கள். சண்டை முடிந்தது.

அமைப்பை மாற்றியும் எதுவும் நடக்கவில்லை என்ற புகாரும் இந்தப் பிரிவில் சேரும். டிஎஃப்எஸ்ஆரின் அமைப்பு முழுவதும் ஆக்டிவ் டைரக்டரியில் இருக்கிறது. நீங்கள் மாற்றியது உங்கள் டொமைன் கன்ட்ரோலரில். கிளைச் சர்வர் கேட்பது கிளையில் உள்ள கன்ட்ரோலரை. முதலில் அந்த இரண்டும் ஒத்துப்போக வேண்டும், பிறகு சர்வர் தன் முறை வரும்போது போய்ப் படிக்க வேண்டும். அவசரமென்றால் ‘டிஎஃப்எஸ்ஆர்டயாக் போல்ஏடி’ கட்டளையைக் கிளைச் சர்வரில் ஓட்டுங்கள். அவசரமில்லை என்றால் டீ குடித்துவிட்டு வாருங்கள். பாதிப் புகார்கள் அதற்குள் தீர்ந்திருக்கும்.

‘சார், என் ஃபைலைக் காணோம்’

இந்தப் புகார் வந்ததும் ரெப்ளிகேஷனை நோண்டாதீர்கள். பயனர் எந்தச் சர்வரில் நின்றுகொண்டு பார்க்கிறார் என்று முதலில் கேளுங்கள். டிஎஃப்எஸ் நேம்ஸ்பேஸ் பாதையில் வருபவருக்குத் தன் கணினி எந்தச் சர்வரோடு பேசுகிறது என்பது தெரியாது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளைக்குப் போனவர் பழைய சர்வரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ‘டிஎஃப்எஸ்’ என்ற தாவலைத் திறந்தால் தற்போது பேசும் சர்வர் எது என்று தெரியும்.

சர்வர் சரி, மற்ற கோப்புகள் வருகின்றன, இந்த ஒரு கோப்பு மட்டும் வரவில்லை, பேக்லாக்கிலும் அதன் பெயர் இல்லை என்றால், டிஎஃப்எஸ்ஆர் அதைத் தன் பொறுப்பாகவே கருதவில்லை. பெயர் வடிகட்டியில் சிக்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ‘டெம்பரரி’ பண்பு. சில மென்பொருள்கள் தாம் உருவாக்கும் கோப்புக்கு இந்தப் பண்பை ஒட்டிவிட்டு எடுக்க மறந்துவிடும். எக்ஸ்ப்ளோரரில் அது தெரியாது. பவர்ஷெல்லில் கோப்பின் ‘ஆட்ரிப்யூட்ஸ்’ மதிப்பில் 256 சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து நீக்க வேண்டும். ஒரு மென்பொருள் இதைச் செய்தால் அது எழுதும் எல்லாக் கோப்புகளிலும் செய்யும், எனவே ஃபோல்டர் முழுவதையும் சோதியுங்கள்.

கோப்பு இருக்கிறது, ஆனால் ‘நான் காலையில் திருத்தியதைக் காணோம்’ என்றால் அது மோதல். இரண்டு சர்வர்களில் இருவர் ஒரே கோப்பைத் திருத்தினால் கடைசியாக எழுதியவர் ஜெயிப்பார். தோற்ற பிரதி ‘டிஎஃப்எஸ்ஆர்பிரைவேட்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘கான்ஃப்ளிக்ட்அண்ட்டெலிட்டெட்’ இடத்துக்குப் போகும், உருமாறிய பெயரோடு. எது எங்கிருந்து வந்தது என்ற பட்டியல் பக்கத்திலேயே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கும். ‘கெட்-டிஎஃப்எஸ்ஆர்ப்ரிசர்வ்டுஃபைல்ஸ்’ அதைப் படித்துக் காட்டும்; ‘ரீஸ்டோர்-டிஎஃப்எஸ்ஆர்ப்ரிசர்வ்டுஃபைல்ஸ்’ மீட்டுத் தரும். இந்த இடத்துக்கும் ஒதுக்கீடு உண்டு, நிறைந்தால் பழையவை அழியும். புகார் வந்த அன்றே எடுத்துவிடுங்கள், அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள்.

இந்த மோதல்களை டிஎஃப்எஸ்ஆரின் எந்த அமைப்பாலும் தடுக்க முடியாது. ஒரு சர்வரில் திறந்த கோப்பை இன்னொரு சர்வரில் பூட்டி வைக்கும் வசதி டிஎஃப்எஸ்ஆரில் கிடையவே கிடையாது. இரு ஊரிலிருந்தும் ஒரே எக்செல் கோப்பைத் திருத்துகிறவர்கள் இருந்தால், அந்த ஃபோல்டருக்கு நேம்ஸ்பேஸில் ஒரு சர்வரை மட்டும் காட்டிவிட்டு மற்றொன்றை மாற்று ஏற்பாடாக அணைத்து வைப்பதே வழி. தூரத்தில் இருப்பவருக்குக் கொஞ்சம் மெதுவாகத் திறக்கும். வேலை தொலைந்துபோவதற்கு அது பரவாயில்லை.

2213-ம் 4012-ம்

2213 வந்தால், டேட்டாபேஸ் ஒழுங்காக மூடப்படாமல் சர்வீஸ் நின்றிருக்கிறது. மின்சாரம் போயிருக்கும், விர்ச்சுவல் மெஷினை யாரோ நேரடியாக அணைத்திருப்பார்கள், அல்லது ஷட்டவுன் ஆகும்போது பெரிய டேட்டாபேஸை எழுதி முடிக்கும் அவகாசத்தை விண்டோஸ் தந்திருக்காது. சர்வர் தானாக மீளாமல் உங்கள் அனுமதிக்குக் காத்திருக்கும். மீண்டும் தொடங்கும் கட்டளை, வால்யூமின் அடையாள எண்ணோடு சேர்த்து, அந்த ஈவென்ட்டின் உரையிலேயே எழுதப்பட்டிருக்கும். அப்படியே எடுத்து ஓட்டலாம். ஆனால் அதே உரையில் அதற்கு மேலே ‘முதலில் கோப்புகளை பேக்அப் எடு’ என்ற வரியும் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மீட்சி முடிந்ததும் 2214 வரும். பெரிய வால்யூமில் நேரம் பிடிக்கும். நடுவில் பொறுமையிழந்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் முதலிலிருந்து தொடங்கும்.

2213-ஐ யாரும் கவனிக்காமல் விட்டால் 4012-க்கு வழி பிறக்கிறது. ஒரு சர்வர் 60 நாளுக்கு மேல் தொடர்பில்லாமல் கிடந்தால், அதில் உள்ளதைப் பழைய சரக்கு என்று முடிவுசெய்து டிஎஃப்எஸ்ஆர் அந்த ஃபோல்டரை நிறுத்திவிடும். இந்த நாள் கணக்கை 200, 300 என்று உயர்த்தினால் ரெப்ளிகேஷன் உடனே ஓடத் தொடங்கும் என்று யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். ஓடும்தான். ஆனால் அழிக்கப்பட்ட கோப்புகளின் நினைவுக் குறிப்புகளையும் டேட்டாபேஸ் 60 நாள்தான் வைத்திருக்கும். குறிப்பு போய்விட்ட பிறகு பழைய சர்வர் சேர்ந்தால், மூன்று மாதத்துக்கு முன் அழித்த கோப்புகள் எல்லா இடத்திலும் உயிர்பெற்று எழும். சரியான வழி நீளமானது: தேங்கிய சர்வரில் உள்ளதைத் தனியே பேக்அப் எடுங்கள், அந்த இரண்டு மாதத்தில் அங்கே மட்டும் உருவானவை எவை என்று ஒப்பிட்டுப் பிரித்து வையுங்கள், பிறகு அந்தச் சர்வரின் உறுப்பினர் நிலையை அணைத்து, எல்லா இடத்துக்கும் செய்தி போன பிறகு மீண்டும் இயக்குங்கள். அது புதிய உறுப்பினர்போல மற்றவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும். 4102 தொடக்கம், 4104 முடிவு. மற்றவர்களிடம் இல்லாத உள்ளூர்க் கோப்புகள் ‘ப்ரீஎக்ஸிஸ்டிங்’ ஃபோல்டருக்கும், வேறுபடுபவை ‘கான்ஃப்ளிக்ட்அண்ட்டெலிட்டெட்’ இடத்துக்கும் ஒதுங்கும்.

அழித்துவிட்டு மறுபடி அமைப்பது

பழுது புரியாதபோது ரெப்ளிகேஷன் குரூப்பையே அழித்துவிட்டுப் புதிதாக அமைக்கத் தோன்றும். டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆலோசனையும் கிடைக்கும். இரண்டும் எல்லாக் கோப்புகளையும் முதலிலிருந்து ஒப்பிட வைக்கும். பல லட்சம் கோப்புகள் இருந்தால் நாள்கணக்கில் ஓடும். அதைவிட மோசம், புதிதாக அமைக்கும்போது கேட்கப்படும் ‘ப்ரைமரி மெம்பர் எது?’ என்ற கேள்விக்குத் தவறான பதில். தேங்கிக் கிடந்த சர்வரை ப்ரைமரி என்று சொன்னால் அதன் பழைய பிரதிகள் ஜெயித்து, புதியவை ‘கான்ஃப்ளிக்ட்அண்ட்டெலிட்டெட்’ இடத்துக்கும் ‘ப்ரீஎக்ஸிஸ்டிங்’ இடத்துக்கும் தள்ளப்படும். நான் பார்த்தவரை டிஎஃப்எஸ்ஆரில் நேர்ந்த பெரிய தரவு இழப்புகள் பழுதால் வந்தவை அல்ல, பழுதுநீக்கத்தால் வந்தவை. விர்ச்சுவல் மெஷினை ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்புவதும் இதே வகை. சர்வர் தன் பதிப்புக் கணக்கில் பின்னோக்கிப் போய்விடும், மற்றவர்களின் கணக்கோடு ஒத்துவராது.

உண்மையிலேயே புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தால், கோப்புகளை முன்கூட்டியே ரோபோகாப்பியால் நகலெடுத்து வையுங்கள், அனுமதிகளும் சேர்ந்து போகும்படி ‘காப்பிஆல்’ சேர்க்கையோடு. ‘டிஎஃப்எஸ்ஆர்பிரைவேட்’ ஃபோல்டரை விலக்குங்கள். இரண்டு பக்கமும் சில கோப்புகளை எடுத்து ‘கெட்-டிஎஃப்எஸ்ஆர்ஃபைல்ஹாஷ்’ ஓட்டி ஒப்பிடுங்கள். இந்த ஹாஷ் உள்ளடக்கத்தோடு அனுமதிகளையும் சேர்த்தே கணக்கிடுகிறது; அனுமதி ஒன்று மாறினாலும் டிஎஃப்எஸ்ஆருக்கு அது வேறு கோப்பு. ஹாஷ் பொருந்தாமல் தொடங்கினால் நகலெடுத்த உழைப்பு வீண்.

டொமைன் கன்ட்ரோலர்களில் உள்ள சிஸ்வால் ஃபோல்டரும் இதே டிஎஃப்எஸ்ஆரில்தான் ஓடுகிறது. ஆனால் அதற்கு டிஎஃப்எஸ் மேனேஜ்மென்ட் கன்சோலில் உறுப்பினரை அணைத்து இயக்கும் வழி கிடையாது. ஏடிஎஸ்ஐ எடிட்டில் ‘எம்எஸ்டிஎஃப்எஸ்ஆர்-எனேபிள்டு’ பண்பை மாற்றிச் செய்ய வேண்டும். அணைத்ததும் 4114, மீண்டும் இயக்கி ஒத்திசைவு முடிந்ததும் 4604 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கன்ட்ரோலர் கெட்டிருந்தால் அதை மட்டும் மற்றவற்றிடமிருந்து வாங்க வையுங்கள். எல்லாமே கெட்டிருந்தால்தான் ஒன்றை அதிகாரபூர்வப் பிரதியாக அறிவிக்க வேண்டும். அப்போது வருவது 4602.

இத்தனைக்கும் பிறகு புரியாவிட்டால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘டீபக்’ ஃபோல்டரைத் திறங்கள். ‘டிஎஃப்எஸ்ஆர்’ என்று தொடங்கி வரிசை எண்ணோடு சுருக்கப்பட்ட லாக் கோப்புகள் அங்கே அடுக்கியிருக்கும். ஒரு கோப்பின் பெயரைத் தேடினால், ஜர்னலில் பார்த்தது முதல் மறுமுனை வாங்கியது வரை ஒவ்வொரு அடியும் நேரத்தோடு எழுதியிருக்கும். இரண்டு சர்வர்களின் லாகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அனுப்புபவர் தயார் என்று சொன்ன நேரத்தில் பெறுபவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது தெரியும். பழையவை தானாகவே அழிந்துபோகும் என்பதால், பழுது நடந்த நேரத்து லாக்குகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்து வைத்த பிறகு தேடத் தொடங்குங்கள்.